கிழவியின் பணம்

பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் எடுக்கக் காரணம் சொல்ல வேண்டும். எந்தெந்தக் காரணங்கள் செல்லும் என்பதை 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம் பத்தி பத்தியாக வகுத்து வைத்திருந்தது. மனை வாங்கலாம், வீடு கட்டலாம், கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கலாம், வீட்டுக் கடனை அடைக்கலாம். நோய்க்கு எடுக்கலாம். இயற்கைச் சீற்றத்தில் உடைமை போனால் எடுக்கலாம். மகனையோ மகளையோ பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவைக்க எடுக்கலாம். திருமணத்துக்கு எடுக்கலாம். யாருடைய திருமணம் என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது: உறுப்பினருடையது, மகனுடையது, மகளுடையது, சகோதரனுடையது, சகோதரியுடையது.

2016இல் என் தங்கையின் திருமணத்துக்காக நான் எடுத்தேன். 7 ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருந்தால், நம் பங்கில் பாதிவரை எடுக்கலாம் என்பது அன்றைய விதி. காரணம் என்ற இடத்தில் சகோதரியின் திருமணம் என்று எழுதினேன். படிவத்தை வாங்கிய கல்லூரி அலுவலர் வாழ்த்துச் சொன்னார். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன், இன்றும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. 'வயதான காலத்தில் நீ என்ன செய்வாய்?' என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

அதே திட்டத்தின் 69ஆம் பத்தியில் இன்னொன்று இருந்தது. வேலையை விட்டவர் மொத்தப் பணத்தையும் எடுக்க 2 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. திருமணம் செய்துகொள்வதற்காக வேலையை விடும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை. எழுதியவர்கள் அதைச் சலுகை என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரு பெண்ணின் முதுமைக்கென்று வைத்த பணத்தை அவளுடைய திருமணத்துக்காக ஒருநாளும் தாமதிக்காமல் கலைத்துவிடலாம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். 2025 அக்டோபரில் முன்பணத்துக்கான காரணங்களை மூன்று பிரிவாகச் சுருக்கவும், அதில் ஒரு பிரிவில் காரணமே கேட்காமல் விடவும் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது. நல்லதுதான். காகிதத்தில் அந்தக் கேள்வி இல்லாமல் போகலாம். வீட்டில் போவதில்லை.

இந்த ஆண்டு அந்தக் கேள்வி எனக்கு வேறொரு கணக்கின் வழியாக வந்தது. 2011 ஜனவரியில் அஞ்சலகத்தில் ஒரு பி.பி.எஃப். கணக்குத் தொடங்கினேன். மாதம் 1,500 ரூபாய். தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து 15 ஆண்டுகள் என்பதால் 2026 ஏப்ரல் 1 அன்று அது முதிர்ந்தது. ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. முதிர்ந்த கணக்கை மூன்று விதமாகக் கையாளலாம். முழுவதும் எடுத்துக் கணக்கை முடிக்கலாம். எதுவும் கட்டாமல் வட்டியோடு அப்படியே விட்டுவைக்கலாம். ஐந்தாண்டுத் தொகுப்பாக நீட்டித்துத் தொடர்ந்து பணம் கட்டலாம். மூன்றாவது வழிக்கு முதிர்ந்த ஓராண்டுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி நீட்டித்தாலும் தொகுப்பின் தொடக்கத்தில் இருந்த தொகையில் 60 விழுக்காடு வரை இடையில் எடுத்துக்கொள்ளலாம். அஞ்சலகம் காரணம் கேட்பதில்லை.

கல்லூரித் தோழிகள் இருவரும் நானும் மே மாதம் மலேசியாவுக்குப் போகத் திட்டமிட்டிருந்தோம். பினாங்கில் இறங்கி, கெடா மாநிலத்தில் நான்கு நாள், பிறகு கோலாலம்பூர். ஆளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும். என்னிடம் அந்தப் பணம் இருப்பது இந்தக் கணக்கில் மட்டும்தான். முழுவதையும் கிழவிக்கு விட்டுவைப்பதா, நான் கொஞ்சம் எடுத்துக்கொள்வதா? முதலில் இதை ஒரு கணக்கு என்றுதான் நினைத்தேன்.

ஏன் கெடா என்று கேட்பவர்களுக்கு: அது கடாரம். இருபது ஆண்டுகளாக வகுப்பில் பட்டினப்பாலை நடத்துகிறேன். புகாரின் தெருக்களில் வந்து குவியும் பொருள்களில் காழகத்துப் பொருளும் உண்டு. அதைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. 1025ஐ ஒட்டி ராசேந்திர சோழன் அங்கே படை அனுப்பினான். புஜாங் பள்ளத்தாக்கில், ஜெராய் மலையடியில், மெர்போக் ஊருக்கு அருகே, கருங்கல்லில் எழுந்த புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் இன்றும் இருக்கிறது. 1930களில் குவாரிச் வேல்ஸ் அங்கே அகழ்ந்தபோது அவருடைய மனைவி டோரதியும் உடன் வேலை செய்தார். மேற்கோள்களில் பெரும்பாலும் கணவரின் பெயர்தான் வருகிறது. இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தக் கடலைக் கடந்ததில்லை.

பட்டினப்பாலையின் கதையே பயணத்தைப் பற்றியதுதான். பொருள் தேடிப் போகவேண்டிய ஒருவன், அந்தப் பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று நெஞ்சிடம் சொல்கிறான். அவனுக்குப் போகலாமா வேண்டாமா என்ற தேர்வு இருக்கிறது. அகப்பாடல்களில் பாலைத்திணை நெடுகப் பொருள்வயிற் பிரிவு நடக்கிறது. ஆண் போகிறான், பெண் சுவரில் கோடு கிழித்து நாளை எண்ணுகிறாள். கடல்வழிச் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பிய அகத்திணையியலில் நூற்பாவே இருக்கிறது. பல ஆண்டு பாடம் நடத்திய பிறகு இந்தக் கோடையில்தான் ஒன்று உறைத்தது. அந்த ஆணுக்குப் பயணமும் பொருளும் ஒரே வழி. போனால்தான் பொருள். சம்பளம் வாங்கும் எனக்குப் பயணமும் பொருளும் எதிரெதிர் வழிகள். போனால் பொருள் போகும். அவன் ஊர் சுற்றுவதற்குக் கடமை என்று பெயர். நான் சுற்றினால் அது செலவு.

வணிகவியல் துறைத் தோழிதான் கணக்குப் போட்டுக் காட்டினாள். பயணத்துக்கு வருபவர்களில் அவளும் ஒருத்தி என்பதால் அவளை முழுக்க நம்பலாமா என்று தெரியவில்லை, ஆனால் எண்கள் சரிதான். 1,20,000 ரூபாயை 7.1 விழுக்காட்டில் 13 ஆண்டு விட்டுவைத்தால் என் 60ஆவது வயதில் ஏறத்தாழ 2,93,000 ஆகும். முதலில் அதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. ஒரு பயணம் கிட்டத்தட்ட மூன்று லட்சத்தைத் தின்றுவிடும் என்று தோன்றியது.

"இருங்க மேடம், விலைவாசியைச் சேர்க்கலையே" என்றாள். ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறினால் அன்றைய 2,93,000 இன்றைய 1,37,000க்குச் சமம். அறுபதில் போகிறேன் என்று கெடாவைத் தள்ளிவைத்தால் என் பொறுமைக்குக் கிடைக்கும் கூலி 13 ஆண்டுக்குச் சேர்த்து 17,000 ரூபாய். ஜெராய் மலையடியில் மேடேற இருக்கும் முழங்காலை அந்த 17,000க்கு விற்க வேண்டும். இடமும் நமக்காகக் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சுங்கை பத்துவில் ஆயிரம் ஆண்டைக் கடந்த ஒரு கோயிலின் அடித்தளத்தை 2013இல் வீட்டு மனைக்காரர்கள் இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டார்கள்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அந்தப் பணம் அறுபதில் பயணத்துக்கு வேண்டியிராது, எழுபத்தைந்தில் மருந்துக்கு வேண்டியிருக்கும். பயணத்தைத் தள்ளிப்போடுவதற்கும் மருந்தை இழப்பதற்கும் ஒரே விலை போட முடியாது. இன்று செலவழித்தால் அன்றைக்கு அந்த மருந்துக்குக் கையில் இருப்பது சுழியம். தோழி இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. இந்த இடத்தில் கணக்கு நின்றுவிட்டது. எழுபத்தைந்து வயதில் இருக்கப்போகும் அந்தப் பெண் எனக்கு யார் என்ற கேள்விதான் மிச்சம்.

டெரெக் பார்ஃபிட் 1984இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கேள்வி வருகிறது. இன்றைய நானும் நாற்பது ஆண்டு கழித்து வரும் நானும் ஒரே ஆள் என்று நினைப்பது அத்தனை உறுதியான எண்ணம் இல்லை என்கிறார் அவர். அந்த எதிர்கால ஆளைக் கிட்டத்தட்ட வேறொருவராகவே எண்ணலாம். அப்படியானால் இன்று ஊதாரியாக இருப்பது முட்டாள்தனம் மட்டுமல்ல, இன்னொருவருக்குச் செய்யும் தீங்காகவும் ஆகலாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறருக்காக விட்டுக்கொடுப்பதை மறந்து வாழும் ஒருவருக்கு இது அதிர்ச்சி தரும் வாதமாக இருக்கும். நம் வீட்டுப் பெண்களிடம் போய், 'உன் எதிர்காலமும் ஒரு பிறர்தான், அவளுக்காகவும் தியாகம் செய்' என்று சொன்னால் என்ன ஆகும்? ஏற்கெனவே நீண்டிருக்கும் வரிசையின் கடைசியில் இன்னொரு ஆள் வந்து நிற்பாள். அப்பா, தம்பி, தங்கை, கணவன், மாமியார், பிள்ளைகள், பிறகு நானே பெற்றெடுக்கப் போகும் ஒரு கிழவி. இன்னொரு மாமியார், அதுவும் எனக்குள்ளேயே.

ஆனால் அந்த வரிசையில் அவள் ஒருத்திக்கு மட்டும் ஒரு வேறுபாடு இருக்கிறது. மற்ற எல்லோருக்காகவும் கொடுக்க வேறு யாராவது இருக்கலாம். அவளுக்குக் கொடுக்க என்னைத் தவிர யாரும் இல்லை. திருமணம் செய்துகொள்ளாத எனக்கு இது வெறும் வாதம் அல்ல. முதியவர்களில் நம்மை நாமே அடையாளம் காண மறுக்கிறோம் என்பது 1970இல் வந்த முதுமை பற்றிய நூலில் சிமோன் தெ பொவார் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை. பேருந்தில் மூட்டையோடு ஏறும் கிழவிக்கு எழுந்து இடம் கொடுக்கிறோம், அது நான் என்று நினைப்பதில்லை. ஆகவே 'இன்று வாழ், நாளையைப் பற்றிக் கவலைப்படாதே' என்று விளம்பரங்கள் சொல்லும் சுதந்திரத்தை என்னால் பெண்ணியம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கிழவியைப் பட்டினி போட்டுவிட்டு நான் எடுக்கும் விடுதலை எனக்கு வேண்டாம்.

தமிழில் கிழவி என்ற சொல்லுக்கு முதலில் முதுமைப் பொருள் முதன்மையாக இல்லை என்பதை மாணவிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகும். கிழமை என்றால் உரிமை. கிழவன், கிழவி என்றால் உரியவன், உரியவள். தொல்காப்பியம் இளம் தலைவியைத்தான் கிழவி என்கிறது. பணத்துக்கு உரியவள் என்று சொல்ல ஒரு நல்ல சொல் நம்மிடம் இருந்தது. வயதாகிப் பல் போன பிறகு அது வசையாகிவிட்டது.

நம் மரபில் ஊர் சுற்றிய பெண்களைப் பாருங்கள். சங்ககால ஔவை இளைஞிதான் என்று கருத நிறைய இடம் உண்டு. அதியமானோடு அமர்ந்து கள் உண்டவள், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை அவன் அவளுக்குக் கொடுத்தான். அந்த நீண்ட ஆயுளுக்கான செலவை யார் கொடுத்தார்கள் என்பதைப் பாடல்கள் சொல்வதில்லை. பின்னால் வந்த கதைமரபு அவளைக் கிழவியாக்கியது. திருமணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டாளாம், பிறகுதான் வழிகள் அவளுக்குத் திறந்தனவாம். காரைக்கால் அம்மையார் உடலின் அழகை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றபின் கயிலைக்குத் தலையாலே நடந்தார். இரண்டு கதைகளும் ஒரே நிபந்தனையைத்தான் வைக்கின்றன. முதலில் இளமையைக் கொடு, பிறகு பாதையை எடுத்துக்கொள். ஓய்வுக்காலத் திட்டங்களின் விளம்பரப் படங்களில் வெள்ளை முடியோடு கடற்கரையில் சிரிக்கும் தம்பதியைப் பார்க்கும்போது, அந்தப் பழைய நிபந்தனைக்குக் கூலிங்கிளாஸ் போட்டுவிட்டதுபோல் எனக்குத் தோன்றும்.

அம்மாவுக்கு 74 வயது. கெடா பற்றிப் பேச்சு வந்த ஒரு மாலையில், 'உங்களுக்கு எங்கேயாவது போகணும்னு இருந்துச்சா?' என்று கேட்டேன். கோயில் பெயர் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "கன்னியாகுமரியில அந்தப் பாறைக்குப் படகுல போகணும்னு இருந்துச்சு" என்றாள். எங்கள் ஊரான பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரி ரெண்டு மணி நேரப் பயணம். அம்மா அங்கே மூன்று முறை போயிருக்கிறாள். மூன்று முறையும் மற்றவர்கள் விவேகானந்தர் பாறைக்குப் படகேறியபோது சாமான்களைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாளாம். அதில் ஒரு முறை நானும் அந்தப் படகில் இருந்திருக்கிறேன், எனக்குப் பதினொரு வயது. "டிக்கெட்டுக் காசு இல்லாமலா?" என்றேன். "காசு இருந்துச்சு ஏட்டி. உங்க அப்பாவுக்குத் தெரியாம அரிசிப் பானையில சிறுவாடு வச்சிருந்தேன்லா. ஒனக்கு எம்.ஏ.க்குப் பணம் கட்டுனது அதுலதான். பை இருந்துச்சு, யாராவது பாக்கணும்ல."

சரி, வரும் ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றேன். முட்டி விடாது என்றாள். வரிசையில் நிற்க முடியாது, அலையில் ஆடும் படகில் கால் வைத்து ஏற முடியாது. 2024 டிசம்பர் இறுதியில் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அம்மா தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பாலத்துக்குப் போகவும் முதலில் படகில்தான் ஏற வேண்டும்.

என் அம்மாவின் சேமிப்பு எதுவும் வீணாகவில்லை. அதில்தான் நான் படித்தேன். தம்பியின் முதல் வண்டியும் அப்பாவின் கடைசி மருத்துவச் செலவில் ஒரு பகுதியும் அதில்தான் போயின. அவளுடைய முதுமைக்கென்று அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவளும் ஊர் சுற்றிச் செலவழிக்கவில்லை. சிக்கனமாக இருந்த பெண்ணுக்கு முதுமையில் பணம் இருக்கும் என்பதுதான் சேமிப்பு பற்றிய எல்லா அறிவுரைக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை. எனக்குத் தெரிந்த சிக்கனமான கிழவிகள் பலரிடம் பணம் இல்லை. அவர்கள் பயணம் போகவில்லை, பட்டுப்புடவை வாங்கவில்லை. அவர்களிடமிருந்து எடுத்தவர்கள் எல்லோரும் நல்ல காரணத்தோடு வந்தவர்கள்.

என்னிடமும் நல்ல காரணத்தோடுதான் தம்பி வந்தான். கணக்கு முதிர்ந்தது அம்மா வழியாக அவன் காதுக்குப் போயிருக்கிறது. அவன் மகளுக்குக் கோவையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு எழுதி இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டுக்கு விடுதியோடு சேர்த்து ஒன்றரை லட்சம் குறைகிறது. "அக்கா, நீ ஊருக்குப் போறது அடுத்த வருசம் போயிக்கலாம்லா" என்றான். அவன் கெட்டவன் இல்லை. கேட்டது மருமகளின் படிப்புக்கு. ஒரு பெண்பிள்ளையின் படிப்பா, ஒரு பேராசிரியையின் உல்லாசப் பயணமா என்று தராசில் வைத்தால் என் தட்டு மேலே போய்விடும். இரண்டு இரவு தூங்கவில்லை.

மூன்றாம் நாள் நானே கேட்டேன், கல்விக் கடன் ஏன் வாங்கவில்லை? 4 லட்சம் வரை வங்கிகள் பிணை கேட்பதில்லை, படிப்பு முடிந்த பிறகு கட்டத் தொடங்கினால் போதும். தம்பி தயங்கித்தான் சொன்னான். "பொம்பளப் பிள்ள பேர்ல கடன் இருந்தா நாளைக்கு மாப்பிள்ள பாக்கும்போது இடிக்கும்க்கா." வருகிறவன் வீட்டில் கேட்பார்களாம், கடனையும் சேர்த்தா கட்டிக்கொடுக்கிறீர்கள் என்று. மகனாக இருந்திருந்தால் கடன் வாங்கியிருப்பான்.

என் தட்டுக்கு எதிரே இருந்தது அந்தப் பெண்ணின் படிப்பு இல்லை என்பது அப்போதுதான் தெளிந்தது. படிப்புக்குப் பணம் வேறு இடத்தில் கிடைக்கிறது. எதிர்த் தட்டில் இருந்தது அவளுக்கு வரப்போகும், இன்னும் யாரென்றே தெரியாத, ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் முகச்சுளிப்பு. அதைத் தவிர்க்க என் எழுபத்தைந்தாம் வயதிலிருந்து ஒன்றரை லட்சம் போக வேண்டும். பெண்களின் ஓய்வுக்காலப் பணம் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு போனால் எத்தனை முறை கடைசியில் ஒரு திருமணத்தில் போய் நிற்கிறது என்று பார்க்கிறேன். அந்த 69ஆம் பத்தி சும்மா எழுதப்படவில்லை.

காசிக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்றும் தோன்றுகிறது. புண்ணியத்துக்கு எடுத்தால் அது வீண்செலவு இல்லை. மலேசியாவில் ஹஜ் பயணத்துக்குச் சேமிக்கவென்றே 1960களில் 'தாபுங் ஹாஜி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே தொழிலாளர் சேமநிதி நமக்கு ஓராண்டு முன்னால், 1951இல் வந்தது. 2024 மே மாதத்திலிருந்து அதில் சேரும் பணத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 இடைக்காலத் தேவைகளுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்க. அந்தப் பத்து விழுக்காடும் நடைமுறையில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கே போகலாம். ஆனாலும் ஒருவருடைய சேமிப்பில் ஒரு பங்கு, காரணம் சொல்லத் தேவையில்லாமல், இன்றைய அவருக்கே உரியது என்று ஒரு சட்டம் எழுதிவைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, பாராட்டியவர்களில் பலரும் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்றுதான் பேசினார்கள். சும்மா அக்கா வீட்டுக்குப் போய்வந்த கிழவிகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சரி, கெடாவுக்குப் போகாவிட்டால் என் முதுமைக்குப் போதுமா? போதாது. 2006இல் வேலைக்குச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் உச்சவரம்புக்குத்தான் பி.எஃப். கட்டுவோம் என்றது நிர்வாகம். சட்டப்படி அது சரி. 2014 செப்டம்பரிலிருந்து அந்த உச்சவரம்பு 15,000 ரூபாய். நிர்வாகம் எனக்காகக் கட்டும் 1,800இல் 1,250 ஓய்வூதியத்துக்குப் போய், மிச்சம் 550தான் என் வைப்பு நிதியில் சேரும். 58 வயதில் எனக்கு வரக்கூடிய ஓய்வூதியம் மாதம் ஏறத்தாழ 6,000 ரூபாய். 2003 ஏப்ரல் 1க்கு முன் அரசுக் கல்லூரியில் சேர்ந்த என் ஆசிரியர்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அவர்கள் என்னைவிடச் சிக்கனமானவர்கள் என்பதால் அது கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் எங்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. அந்த மே மாதங்களின் சம்பளத்தைக் கூட்டினால் கெடாவுக்குப் பலமுறை போய்வரலாம். என் முதுமையில் விழுந்திருக்கும் ஓட்டையின் அளவும் இந்தப் பயணத்தின் அளவும் ஒன்றல்ல. ஆனாலும் பெண்ணிடம் பேசும்போது முதலில் பயணத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள், ஏனென்றால் அதை மட்டும்தான் அவள் தன் கையெழுத்தால் நிறுத்த முடியும்.

கணக்கை ஐந்தாண்டுக்கு நீட்டித்துவிட்டேன். ஒரு லட்சத்து இருபதாயிரம் எடுத்தேன். மிச்சம் நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மாதம் 1,500ஐ 2,500 ஆக்கியிருக்கிறேன். கூடுதலான ஆயிரம், எடுத்த அசலைத் திருப்பிக் கட்டப் பத்து ஆண்டு ஆகும். கிழவியிடம் வாங்கிய கடன் என்று அதற்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். நோட்டின் அடுத்த பக்கம் மருமகளுக்கு. முதல் பருவத்தின் விடுதிச் செலவில் 20,000 சம்பளத்திலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்துக்குக் கடன்.

வங்கிக்கு நானும் மருமகளும்தான் போனோம். பெற்றோரில் ஒருவர் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். தம்பி இன்னும் போடவில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. அவன் மனைவி இரவில் தனியாக அழைத்து, "மதினி, நான் போடலாமா?" என்று கேட்டாள். போடலாம், அம்மாவும் பெற்றோர்தானே என்றேன். என்னென்ன தாள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆதார் இருக்கிறது. வங்கிக் கணக்கு, எரிவாயு மானியத்துக்காகத் தொடங்கியது, இருக்கிறது. பான் அட்டை இல்லை, இதுவரை தேவைப்படவில்லை என்றாள். வெள்ளிக்கிழமை விண்ணப்பித்தோம்.